வைவாவில் பார்வையாளர் கேட்ட கேள்விகள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு எங்கே நடந்தாலும் முடிந்தவரை போய் உட்கார்ந்துவிடுவேன். வைவா என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். என் துறையாக இருக்க வேண்டும் என்றில்லை. அறிவிப்புப் பலகையில் தலைப்பு, நெறியாளர் பெயர், நாள், இடம் எல்லாம் போட்டு, கீழே 'ஆர்வமுள்ளோர் கலந்துகொள்ளலாம்' என்று ஒரு வரி இருக்கும். அது வெறும் மரியாதைக்கு எழுதிய வரி இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறையே துறை ஆசிரியர்கள், மற்ற ஆய்வாளர்கள், ஆர்வமுள்ள அறிஞர்கள் எல்லோரும் வரும்படி வைவா திறந்திருக்க வேண்டும் என்றது.

ஆனால் பெரும்பாலான இடங்களில் என்ன நடக்கிறது? முன்வரிசையில் குடும்பத்தார். பின்னால், நாற்காலியை நிரப்பக் கூட்டிவரப்பட்ட முதுகலை மாணவர்கள். வருகைத் தாளில் கையெழுத்து, சமோசா, டீ, பொன்னாடை. 'பார்வையாளர்கள் கேட்கலாம்' என்று சொன்னதும், முன்பே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்வியை ஒரு ஜூனியர் எழுந்து வாசிப்பார். அதற்குத் தயாராக வைத்திருந்த பதில் வரும். நான்கைந்து ஆண்டு உழைப்பை ஊர் முன்னால் வைக்கக் கிடைக்கும் ஒரே நாள் இப்படி வீணாவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அதனால்தான் தென் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பார்த்ததை எழுதியே ஆக வேண்டும். கண்மாய்ப் பாசனம் பற்றிய ஆய்வு. அந்தப் பெண் தான் கள ஆய்வு செய்த ஊரிலிருந்து சிலரை அழைத்திருந்தார். கண்மாயின் வரைபடம் திரையில் ஓடியது: கரை, மிகுநீர் வழியும் கலிங்கு, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைகள், ஒவ்வொரு மடைக்கும் எத்தனை ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம். சுத்தமான வேலை. புறத்தேர்வாளர் கேள்விகளை முடித்ததும் பின்வரிசையில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் கை தூக்கினார். அந்த ஊரில் நீர்க்கட்டியாக, அதாவது மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவராக, இருந்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"மடைக்கணக்கெல்லாம் சரியாச் சொன்னீங்கம்மா. தண்ணி குறையுற வருசத்துல எந்த மடையை முதல்ல தொறப்போம்னு சொல்லலையே?"

அரங்கில் சிலர் சிரித்தார்கள். புறத்தேர்வாளர் சிரிக்கவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேட்டுமடைங்கய்யா. மட்டம் இறங்கிட்டா அதுல தண்ணி ஏறாது. பள்ளமடை கடைசிவரைக்கும் பாயும்" என்றார். பெரியவர் விடவில்லை. "அது சரி. பள்ளமடைக்காரன் சும்மா இருப்பானா?" என்று கேட்டபடி திரைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். அவர் நிழல் வரைபடத்தின் பாதியை மறைத்தது. எந்த மடைக்காரர்கள் எப்போது தகராறுக்கு வருவார்கள், ஊர்க்கூட்டத்தில் முறை எப்படிப் பேசி முடிப்பார்கள், முறை தவறித் திறந்தால் என்ன தண்டம் என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். ஆய்வாளர் தன் களக்குறிப்பேட்டைத் திறந்து அங்கேயே எழுதத் தொடங்கிவிட்டார். ஆய்வேட்டை நூலாக்கும்போது இதற்குத் தனி இயல் வேண்டும் என்று புறத்தேர்வாளர் சொன்னது அறிக்கையிலும் ஏறியது.

பரப்பளவு, கொள்ளளவு எல்லாம் அரசு ஆவணத்திலேயே கிடைத்துவிடும். பற்றாக்குறையில் யார் விட்டுக்கொடுப்பார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதைக் கேட்கத் தெரிந்த ஆள் அன்று அரங்குக்குள் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

*

சுவீடனிலிருந்து:

இங்கே ஆய்வேட்டைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவார்கள், நிஜமாகவே. 'ஸ்பிக்னிங்' என்று பெயர். தேர்வுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு, அச்சான புத்தகத்தின் மூலையில் ஓட்டை போட்டு, சுத்தியலால் ஒரே ஆணியில் பலகையில் அறைவோம். இப்போது மின்பிரதியையும் ஏற்றிவிடுகிறார்கள், ஆனாலும் ஆணியை விடவில்லை. வைவாவுக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்பதுதான் நோக்கம்.

தேர்வு நாளில் 'எதிர்வாதி' என்று வெளியிலிருந்து ஒருவர் வருவார். மேடையில் அவரும் நாமும் நேருக்கு நேர். மூன்று அல்லது ஐந்து பேர் கொண்ட குழு மதிப்பிடும். நெறியாளர் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார், நமக்காகப் பதில் சொல்ல வர மாட்டார். ஊரில் நெறியாளரே குறுக்கே புகுந்து காப்பாற்றுவதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது முதலில் பயமாகத்தான் இருந்தது.

நான் செய்தது மரக்கூழிலிருந்து எடுக்கும் நானோ செல்லுலோஸ் பற்றி. அதில் செய்த தாளின் வலிமை, ஒளி ஊடுருவும் தன்மை, எல்லாம் நன்றாக வந்திருந்தது. எதிர்வாதி முடித்து, குழுவும் முடித்த பிறகு தலைவர் அரங்கைப் பார்த்தார். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்தார். கையில் என் ஆய்வேடு, நடுநடுவே காகிதக் கீற்றுகள் செருகியிருந்தன. "இதிலிருந்து தண்ணீரை வடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது?" என்றார்.

அதுதான் இந்தப் பொருளின் கழுத்தைப் பிடிக்கும் பிரச்சினை. இழைகள் அவ்வளவு நுண்ணியவை, தண்ணீரை விடவே விடாது. சாதாரணக் கூழ் ஆலையின் வலையில் சில நொடிகளில் வடிந்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் கையகலத் தாள் ஒன்றை வடிகட்டவே பொறுமை வேண்டும். அதைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, தடிமனைப் பாதியாக்கினால் என்ன ஆகும், உப்பு சேர்த்துப் பார்த்தீர்களா என்று அடுத்தடுத்துக் கேட்டார். அன்று நடந்ததிலேயே எனக்குப் பிடித்த பேச்சு அதுதான். மூன்று வாரம் புத்தகம் அவர் கையில் இருந்ததால்தான் அப்படிக் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

*

முதுகலை மாணவி, தமிழ்த்துறை:

முதல் பதிவில் சொன்ன துண்டுச் சீட்டு என் கையிலும் வந்திருக்கிறது அண்ணா. ஒப்பாரிப் பாடல்கள் பற்றிய வைவா. சீட்டில் இருந்த கேள்வி 'தங்கள் ஆய்வின் பயன் யாது?' நான் அதை மடித்து வைத்துக்கொண்டு, "பாடிக் கொடுத்த அம்மாக்களின் பெயர் ஆய்வேட்டில் இருக்கிறதா?" என்று கேட்டேன். அந்த அக்கா உடனே பின்னிணைப்பைத் திருப்பிக் காட்டினார். தகவலாளர் பட்டியலில் பெயர், வயது, ஊர், எந்த இழவு வீட்டில் கற்றுக்கொண்ட பாட்டு என்பதுவரை இருந்தது. பதிவு செய்த ஒலியைப் பென்டிரைவில் போட்டு வீட்டுக்கு வீடு கொடுத்தாராம். ஒரு பாட்டி, தன் தங்கை பாடியதைத் தங்கை போன பிறகு கேட்டு அழுததைச் சொன்னபோது அவருக்கே குரல் கம்மியது. யாரும் என்னைத் திட்டவில்லை. டீ குடிக்கும்போது நெறியாளர் என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

*

முதல் பதிவு எழுதியவர்:

தங்கச்சி, அந்தக் கேள்வியை எல்லாத் துறையிலும் கேட்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. ஆய்வுச் சுருக்கம் துறை நூலகத்தில் இருக்கும், முந்தின நாளே போய்ப் புரட்டிவிட்டு வாருங்கள். வைவா முடிந்த ஆய்வேடுகள், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் சோத்கங்கா இணையத்தளத்தில் ஏறுகின்றன, அதே தலைப்பை ஒட்டி ஏற்கெனவே யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம். 2020க்குப் பிறகு இணையவழி வைவாவும் வந்துவிட்டது, இணைப்பு கிடைத்தால் வெளியூரிலிருந்தும் சேரலாம். கேமராவை அணைத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

வேளாண்மை, மீன்வளம், செவிலியர் பக்கம் ஆய்வு செய்தவர்கள் யாரும் இன்னும் எழுதவில்லை. உங்களுக்குத் தரவு கொடுத்தவர்களை வைவாவுக்கு அழைத்தீர்களா? வந்தார்களா? என்ன கேட்டார்கள்?