44 வயதில் எல்.எல்.பி.: கணக்கு வேலையை விட்டு வக்கீல் தொழிலுக்கு வரலாமா?

கேள்வி: கணக்குப்பிள்ளை_திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். வயது 44. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை, 21 வருட சர்வீஸ், பேசிக் 30,000. ப்ளஸ் டூ முடித்து ரெகுலர் காலேஜில் பி.காம்., 56 சதவீதம். ஜி.எஸ்.டி., பேங்க், செக் ரிட்டர்ன், பி.எஃப்., ஜாப் ஒர்க் பில் எல்லாம் தினசரி புழக்கம். மூன்று வருட எல்.எல்.பி. படித்து வக்கீலாகத் தொழில் செய்ய ஆசை. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 18,000 வருகிறது. வீட்டுச் செலவு மாதம் 38,000 ஆகும். பையன் எட்டாவது படிக்கிறான்.

தெரிய வேண்டியவை: இந்த வயதில் சீட் தருவார்களா? வேலையை விடாமல் படிக்க வழி உண்டா? பக்கத்து மாநிலத்தில் பரீட்சைக்கு மட்டும் போனால் போதும் என்று ஒருவர் சொல்கிறார், அது சரிதானா? பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா? 48 வயதில் ஜூனியராகப் போய் நின்றால் யாராவது சேர்த்துக்கொள்வார்களா?

---

பதில் 1: சேர்க்கை_வழிகாட்டி

தமிழ்நாட்டில் மூன்று வருட எல்.எல்.பி.க்கு உச்ச வயது வரம்பு கிடையாது. வயதை விட முக்கியமாகப் பார்ப்பது படித்த வரிசை. பத்து, ப்ளஸ் டூ, மூன்று வருடப் பட்டம் என்று முறையாக வந்திருக்க வேண்டும். ப்ளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலையில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. நுழைவுத் தேர்வு இல்லை. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டு, கலந்தாய்வில் அரசுக் கல்லூரிகளை ஒதுக்குகிறது.

56 சதவீதம் தகுதிக்குப் போதும், ஆனால் விரும்பிய கல்லூரி கிடைக்கப் போதும் என்று சொல்ல மாட்டேன். திருப்பூருக்குப் பக்கம் என்று எல்லோரும் கோவையைத்தான் முதலில் போடுவார்கள். அது மருதமலை ரோட்டில் இருக்கிறது, கோவை ஜங்ஷனில் இறங்கி ஊரைக் கடந்து போக வேண்டும். சேலம், நாமக்கல், திருச்சி, தர்மபுரியையும் வரிசையில் சேருங்கள். வெளியூர் கிடைத்தால் தங்கும் செலவு உண்டு, அதை இப்போதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலையில் இருந்துகொண்டே படிப்பது முழுநேர வேலைக்காரருக்கு நடக்காது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008 சட்டக்கல்வி விதிகள்படி வகுப்பு காலை 8 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையில்தான் நடக்கலாம், வாரத்துக்கு 30 மணி நேரம். மாலைக் கல்லூரி என்பதே அதோடு முடிந்தது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். தக்க காரணம் இருந்து, மொத்தத்தில் 70 வந்தால் ஒரு பாடத்தில் 65 வரை விட்டுக்கொடுப்பார்கள். அதற்குக் கீழே போனால் அந்தத் தேர்வு போய்விடும்.

பக்கத்து மாநில யோசனையை விட்டுவிடுங்கள். 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா அனுப்பிய சுற்றறிக்கை, படிக்கும்போது வேலையில் இருந்தீர்களா, வருகை விதி நிறைவேறியதா என்று மாணவரிடமே உறுதிமொழி கேட்கிறது. உங்கள் பி.எஃப். கணக்கில் அந்த மூன்று வருடமும் மாதா மாதம் திருப்பூரிலிருந்து சந்தா ஏறியிருக்கும். அதே நாட்களில் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வகுப்பில் உட்கார்ந்திருந்ததாகக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். வக்கீலாகப் பதிவு செய்யும்போது மாட்டலாம், பத்து வருடம் கழித்து யாராவது புகார் கொடுத்தும் மாட்டலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது சான்றிதழ்களை எடுத்து மேஜையில் பரப்புவது. இருபது வருடத்துக்கு முன் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் இடறுவது காலேஜ் டி.சி.தான்: வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்தது, திரும்ப வாங்கவே இல்லை என்றிருக்கும். அடுத்தது பெயர். பத்தாவது சான்றிதழில் ஒரு இனிஷியல், டிகிரியில் இரண்டு இனிஷியல் என்றால் கெஸட்டில் பெயர் திருத்தம் வரை போகலாம். இவற்றுக்கு மாதங்கள் பிடிக்கும், விண்ணப்பம் திறந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

---

பதில் 2: பி.எஃப்_ஆலோசகர்

சீட் ஒதுக்கீட்டுக் கடிதம் கைக்கு வரும் வரை ராஜினாமா வேண்டாம். நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் பாருங்கள். 90 நாள் என்றால் வகுப்பு தொடங்கிவிடும், முதல் செமஸ்டர் வருகை அங்கேயே குறையும். நோட்டீஸுக்குப் பதில் சம்பளம் பிடித்துக்கொண்டு விடுவிக்கச் சம்மதிப்பார்களா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கிராஜுவிட்டி: கடைசி பேசிக், டி.ஏ. சேர்த்து 15/26ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடத்தால் பெருக்க வேண்டும். 30,000 × 15/26 × 21 = ஏறக்குறைய 3,63,460 ரூபாய். 21 வருடத்துக்கு மேல் ஆறு மாதம் தாண்டியிருந்தால் 22 என்று வரும், 17,300 கூடும். விடும் தேதியைக் குறிக்கும்போது இதைப் பாருங்கள்.

பி.எஃப்.ஐ மொத்தமாக எடுக்காதீர்கள். 55 வயதுக்கு முன் வேலையை விட்டவரின் கணக்கில் 58 வயது வரை வட்டி ஏறும். வேலையை விட்ட பிறகு ஏறும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு. பென்ஷன் பங்கு வேறு கணக்கு. பத்து வருட சர்வீஸ் தாண்டியதால் அதைப் பணமாக எடுக்க முடியாது. படிவம் 10சி கொடுத்து ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வையுங்கள். 58ல் பென்ஷன். 50க்குப் பிறகு முன்கூட்டியும் வாங்கலாம், ஆனால் 58க்கு எத்தனை வருடம் குறைகிறதோ ஒவ்வொன்றுக்கும் 4 சதவீதம் வெட்டு விழும். வருமானம் குறைந்த வருடங்களில் இது கையை இழுக்கும், இழுபடாதீர்கள். 58க்கு முன் உங்களுக்கு ஏதாவது ஆனாலும் அந்தச் சான்றிதழ் இருந்தால் மனைவிக்குக் குடும்ப பென்ஷன் உண்டு.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது மருத்துவக் காப்பீட்டில். கம்பெனி குரூப் பாலிசி பொதுவாகக் கடைசி வேலை நாளோடு போய்விடும். சொந்தப் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு வைக்கலாம். சர்க்கரை, பிரஷர் இருந்தால் அந்த மூன்று வருடமும் நீங்கள் சம்பளமில்லாமல் படிக்கிற அதே மூன்று வருடம். அதனால் வேலையில் இருக்கும்போதே, இந்த மாதமே, குடும்ப பாலிசி ஒன்று எடுத்துக் காத்திருப்பை ஓட விடுங்கள். நோயை மறைக்காமல் எழுதுங்கள்.

மாதத்துக்கு 20,000 குறைகிறது. படிப்பு 36 மாதம், ஜூனியர் காலம் 24 மாதம் என்று வைத்தால் 12 லட்சம். கிராஜுவிட்டி 18 மாதத்தைத் தாங்கும். மீதியை பி.எஃப். பகுதித் தொகை, சேமிப்பு, மாலை நேர வருமானம் மூன்றிலும் பிரித்துப் போட வேண்டும். பி.காம். என்பதால் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்யலாம், அதற்கு ஒரு தேர்வும் உண்டு. மாதாந்திரக் கணக்குக்காரர்களுக்கு 11ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.1, 20ஆம் தேதி வரி கட்டும் 3பி ரிட்டர்ன். இரண்டையும் ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் முடிக்கலாம். பத்துப் பதினைந்து பேருக்கு மேல் பிடிக்காதீர்கள், செமஸ்டர் பரீட்சை வரும்போது இரண்டும் கெடும்.

---

பதில் 3: கீழ்கோர்ட்_வக்கீல்

முதலில் பதிவு விஷயம். பட்டம் வந்ததும் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய்தான். முத்திரைத் தீர்வை தனி. கம்பெனியின் ரிலீவிங் ஆர்டரைக் கேட்பார்கள், பத்திரமாக வையுங்கள். பதிவான இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். 100 கேள்வி, மூன்றரை மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, உரை இல்லாத வெறும் சட்டப் புத்தகம் கொண்டுபோகலாம். 45 எடுத்தால் தேர்ச்சி, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. அரசியலமைப்பு, உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை மூன்றும் சேர்ந்தாலே 30 மதிப்பெண்.

பதிவு செய்த பிறகு முழுநேரச் சம்பள வேலை கூடாது, சொந்தமாக வியாபாரம் நடத்தவும் கூடாது. வேலையில் இறங்காத கூட்டாளியாக இருக்கலாம். ஜி.எஸ்.டி., வருமான வரி அதிகாரிகள் முன் வக்கீலாக ஆஜராகலாம் என்பதால் உங்கள் கட்சிக்காரர்கள் கை நழுவ மாட்டார்கள்.

48 வயது ஜூனியரை யார் சேர்ப்பார்கள் என்று கேட்டீர்கள். பெட்டி தூக்க ஆள் தேடும் சீனியர் சேர்க்க மாட்டார். செக் மோசடி, மோட்டார் விபத்து, பணம் வசூல் வழக்குகள் நிறைய வைத்திருக்கும் சீனியர் உங்களை விட மாட்டார், ஏனென்றால் அங்கே வழக்கின் பாதி கணக்கு.

விபத்து வழக்கை எடுங்கள். இறந்தவர் வயது 38, நிரந்தர வேலை, சம்பளம் 25,000, அவரை நம்பி நான்கு பேர். 40 வயதுக்குக் கீழே நிரந்தர வேலை என்றால் எதிர்கால உயர்வுக்கு 50 சதவீதம் கூட்ட வேண்டும்: 37,500. நான்கு பேர் என்பதால் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிவு: 28,125. வருடத்துக்கு 3,37,500. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கு எண் (மல்டிப்ளையர்) 15: 50,62,500. இதெல்லாம் உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா, பிரணய் சேத்தி தீர்ப்புகளில் உள்ள அட்டவணை, யாரும் கற்றுக்கொள்ளலாம். வழக்கு தோற்பது அந்த 25,000ஐ நிரூபிக்க முடியாமல்தான். சம்பளச் சீட்டு ஒன்றைச் சொல்லும், பி.எஃப். சந்தா வேறொன்றைச் சொல்லும், பேங்கில் மூன்றாவது தொகை ஏறியிருக்கும். அது ஏன் அப்படி இருக்கிறது என்று கூண்டில் ஏறும் சாட்சிக்கு விளக்கித் தயார் செய்ய உங்களைப் போன்றவருக்குத்தான் தெரியும்.

செக் வழக்கு தேதிக் கணக்கு. செக் திரும்பியதாக பேங்க் தரும் ரிட்டர்ன் மெமோ மார்ச் 3 வந்தால் ஏப்ரல் 2க்குள் நோட்டீஸ் போக வேண்டும். செக் கொடுத்தவர் நோட்டீஸை ஏப்ரல் 6 வாங்கினால், பணம் கட்ட அவருக்குள்ள 15 நாள் ஏப்ரல் 21ல் முடியும். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார், மே 21 தாண்டாமல் தாக்கல் செய்வது பத்திரம். ஏப்ரல் 15 அன்றே அவசரப்பட்டுத் தாக்கல் செய்தால் காலத்துக்கு முந்திய புகார் என்று போய்விடும். நோட்டீஸில் செக் தொகையைத் தனியாகக் காட்டாமல், வட்டி, செலவு எல்லாம் கலந்து ஒரே தொகையாகக் கேட்பது இன்னொரு வழக்கமான ஓட்டை.

திருப்பூருக்கென்று ஒரு துறை இருக்கிறது, கவனிக்க ஆள் குறைவு. நிட்டிங், டையிங், காம்பேக்டிங் என்று கூலிக்குத் துணி வேலை செய்து தரும் ஜாப் ஒர்க்காரர்களுக்கு மாதக்கணக்கில் நிற்கும் பாக்கி. குறு, சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் பாக்கி இழுத்தால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதம் மாதம் கூட்டு வட்டியாக. இந்தப் பாக்கி வழக்குகளுக்குத் தனி மன்றம் (ஃபெசிலிடேஷன் கவுன்சில்) உண்டு. தீர்ப்பை எதிர்க்க வேண்டுமானால் எதிராளி தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். வேலை நடந்த தேதிக்கு முன்பே உத்யம் பதிவு (குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) இருந்ததா என்று முதலில் பாருங்கள், எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். டெலிவரி சலான், பில், லெட்ஜர் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பது நீங்கள் தினமும் செய்கிற வேலை.

கிரிமினல் பக்கம் போக நினைத்தால், 2024 ஜூலை 1 முதல் புதிய மூன்று சட்டங்கள். அதற்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே. பழைய, புதிய சட்டப் பிரிவு எண்கள் இரண்டும் மனதில் நிற்க வேண்டும்.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன். சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னபடி ஜூனியருக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும். தராத ஆபீஸ்கள் ஏராளம். பேசிக்கொண்டு சேருங்கள். நீதிபதி தேர்வை உங்கள் திட்டத்தில் வைக்காதீர்கள், வயது வரம்பு தாண்டிவிடும். நோட்டரிக்குப் பொதுப் பிரிவில் பத்து வருட அனுபவம் வேண்டும், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சமூகத்தார், பெண்களுக்கு ஏழு.

---

கணக்குப்பிள்ளை_திருப்பூர்

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றிங்க. டி.சி. தேடிப் பார்த்தேன், ஜெராக்ஸ் மட்டும்தான் இருக்கிறது. படிக்கும் மூன்று வருடத்தில் கோர்ட் வேலையும் பழக முடியுமா?

---

பதில் 4: கீழ்கோர்ட்_வக்கீல்

பழகலாம், பழக வேண்டும். செமஸ்டர் லீவில் ஒரு சீனியர் ஆபீஸில் குமாஸ்தா பக்கத்தில் உட்காருங்கள். குறை சொல்லி கோர்ட்டிலிருந்து ரிட்டர்ன் ஆகி வந்த வழக்குக் கட்டுகளை மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பக்க எண் இல்லை, கோர்ட் ஃபீஸ் மதிப்பீடு பிராதில் (வழக்கு மனுவில்) ஒன்று, அட்டவணையில் ஒன்று, ஆவணப் பட்டியலில் தேதி தவறு, வக்காலத்தில் நல நிதி ஸ்டாம்ப் இல்லை என்று ஒவ்வொன்றிலும் காரணம் எழுதியிருக்கும். ஐம்பது ரிட்டர்ன் படித்தவர் போடும் பிராது முதல் தடவையிலேயே ஏற்கப்பட்டு வழக்கு எண் பெறும். கூடவே தமிழ் யூனிகோட் டைப்பிங் வேகத்தை ஏற்றுங்கள். கீழ்கோர்ட்டில் சாட்சியம் தமிழில், ஈ-ஃபைலிங்குக்கு எல்லாம் கணினியில். டைப்பிஸ்டுக்காகக் காத்திருக்காத ஜூனியருக்கு மதிப்பு தனி.

---

பதில் 5: சேர்க்கை_வழிகாட்டி

டி.சி.க்கு: அசல் பழைய கம்பெனிகளில் எங்காவது கொடுத்திருந்தால் முதலில் அங்கே எழுத்தில் கேளுங்கள். நிஜமாகவே தொலைந்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கி, அதோடு ஜெராக்ஸை வைத்துக் காலேஜ் முதல்வருக்கு நகல் டி.சி. விண்ணப்பம் கொடுங்கள். ஜெராக்ஸில் டி.சி. எண்ணும் சேர்க்கை எண்ணும் இருந்தால் பழைய பதிவேட்டில் தேடுவது சுலபம், அதனால் அந்தத் தாளை யாரிடமும் கொடுக்காதீர்கள், பிரதி எடுத்துக் கொடுங்கள்.