பெடல் சுற்றுகிறது, சைக்கிள் நகரவில்லை. அவசரம்!

வெள்ளெலி: வணக்கம். காலையில் வேலைக்குக் கிளம்பினேன், பத்து நிமிடம் ஒழுங்காகத்தான் ஓடியது. சிக்னலில் நின்றுவிட்டு மறுபடி மிதித்தால் பெடல் வெறுமனே சுற்றுகிறது, வண்டி நகரவே இல்லை. பனியில் மீதித் தூரம் தள்ளிக்கொண்டே வந்தேன். மாலை வீடு திரும்ப வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

துருச்செயின்: செயின் அறுந்திருக்கிறதா பார்த்தீர்களா? கியர் வண்டியா? எத்தனை டிகிரி? ராத்திரி வண்டி எங்கே நிற்கிறது?

காற்றுக்காரன்: டயரில் காற்று அதிகமாக இருக்கும். பனியில் பாதியாவது குறையுங்கள்.

துருச்செயின்: பெடலே வெறுமனே சுற்றுகிறது என்கிறார், டயர் என்ன செய்யும்?

மூத்தமிதி: ஒவ்வொரு குளிர்காலமும் இதே கேள்வி. பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கும் வழக்கமே போய்விட்டது. பின்சக்கரத்தின் நடு உருளையான ஹப்புக்குள் ஸ்பிரிங் வைத்த சின்ன நாக்குகள் இருக்கின்றன. மிதிக்கும்போது அவைதான் பல்லைப் பிடித்துச் சக்கரத்தைத் தள்ளும். குளிரில் கிரீஸ் கெட்டியானாலோ உள்ளே ஈரம் உறைந்தாலோ நாக்கு மடங்கியபடியே ஒட்டிக்கொள்ளும். இதுகூடத் தெரியாமல் பனியில் இறங்குகிறார்கள்.

வெள்ளெலி: மைனஸ் 18. கியர் வண்டிதான், செயின் நன்றாக இருக்கிறது. ராத்திரி வீட்டுக்குள் வைப்பேன். ஆமாம், நேற்று இரவு உப்பு போகட்டும் என்று பைப் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

துருச்செயின்: ஐயா, அதை அல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! ஹப்புக்குள் தண்ணீர் போயிருக்கிறது. கெஞ்சியாவது வண்டியை அலுவலகத்துக்குள் கொண்டுபோய் இரண்டு மணி நேரம் வையுங்கள். சுடுதண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், வெளியே போனதும் அதுவும் உறையும். திரும்பும்போது முடிந்தவரை மிதிப்பதை நிறுத்தாதீர்கள். சும்மா உருளவிட்டால்தான் நாக்கு மடங்கும்.

கைவண்ணம்: உள்ளே விடாவிட்டால் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தைச் சக்கரக் கம்பிகளோடு பிளாஸ்டிக் டையால் நாலைந்து இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். நான் ஒருமுறை அப்படித்தான் வீடு சேர்ந்தேன். ஆனால் கியர் மாற்றக் கூடாது, காலையும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் செயின், பின்னால் அதைத் தாங்கும் கியர் கையை இழுத்து வளைத்துவிடும்.

காற்றுக்காரன்: இருந்தாலும் காற்றைக் குறையுங்கள். அகலமான டயர் என்றால் இன்னும் நல்லது, பனிமேல் மிதக்கும்.

மூத்தமிதி: மிதக்குமாம். ஒல்லி டயர்தான் பனியை வெட்டிக்கொண்டு தரையைத் தொடும்.

காற்றுக்காரன்: அடியில் தரை இருந்தால்தானே தொடும்? ஒரு முழம் பனியில் உங்கள் ஒல்லி டயர் புதைந்து நிற்கும்.

துருச்செயின்: அடியில் ஐஸ் இருந்தால் இரண்டுமே வழுக்கும். ஆணி பதித்த டயர் ஒன்றுதான் பிடிக்கும்.

மூத்தமிதி: ஆணி டயர் ஓட்டத் தெரியாதவர்களுக்கு.

கைவண்ணம்: போன வருடம் காரைஎலும்பு முறிந்து ஒன்றரை மாதம் கட்டோடு கிடந்தது யார், அண்ணே?

மூத்தமிதி: அது வேறு விஷயம்.

துருச்செயின்: வெள்ளெலி, என்ன ஆயிற்று? வீடு போனதும் ஹப்பைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்துக் காயவைத்து, நாக்குகளுக்கு மெல்லிய எண்ணெய் மட்டும் விடுங்கள்.

வெள்ளெலி: உள்ளே வைத்தேன், சரியாகிவிட்டது. வீடு வந்துவிட்டேன், நன்றி. இப்போது முன் பிரேக் பிடிக்கவில்லை.

துருச்செயின்: ரிம் பிரேக்கா, டிஸ்க்கா? கேபிளா, எண்ணெயா?

காற்றுக்காரன்: காற்றைக் குறைத்தீர்களா?