பவளமல்லி வைக்கப் போகிறீர்களா? முதலில் தரையைப் பாருங்கள்

பவளமல்லி வளர்த்தவர்களிடம் கேட்டால் வாசனையைத்தான் முதலில் சொல்வார்கள். நான் தரையைச் சொல்வேன். இந்த மரத்தின் பூ நம் கைக்குக் கிடைப்பது கிளையில் இல்லை, கீழேதான். பொழுது சாய்ந்த பிறகு மொட்டு அவிழும், விடியற்காலையில் பூ உதிர்ந்துவிடும். ஆகவே எங்கே நடலாம் என்று யோசிப்பவர்கள், பூ எங்கே விழப்போகிறது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வாசலில், கார் நிறுத்தும் சிமென்ட் தளத்தை ஒட்டிக் கன்று வைத்தார். மரம் நன்றாகத்தான் வந்தது. பூக்கத் தொடங்கியதும் ஈரப் பூ காரின் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும், மிதிபட்ட காம்பு தளத்தில் மஞ்சளாகத் தீற்றிக்கொள்ளும். "வாசனைக்குத்தான் சார் வச்சேன், இப்ப தினமும் வண்டி துடைக்கிறேன்" என்பார். எங்கள் மரம் பக்கவாட்டில் மண் தரையில் நிற்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மண்ணில் விழுந்த பூவில் மண் ஒட்டுமே! அதற்கு அத்தையிடம் ஒரு வழி இருந்தது. பூக்கும் மாதங்களில் இருட்டியதும் மரத்தடியில் பழைய நூல் புடவையை விரித்துவிடுவார். "டேய், விரிப்பைப் போட்டுட்டுப் படு" என்பது அந்த மாதங்களில் எனக்குத் தினசரி உத்தரவு. காலையில் நான்கு முனையையும் சேர்த்துத் தூக்கினால் பூ மொத்தமாக வந்துவிடும்.

ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளை இதழ்கள் ஒரே பக்கமாகத் திருகி, காற்றாடி போல இருக்கும். எல்லாப் பூவிலும் இதழ் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது, ஐந்திலிருந்து எட்டு வரை எண்ணலாம். கீழே ஆரஞ்சுக் குழல். குழல் உள்ளே வெற்றாக இருப்பதால் மெல்லிய ஈர்க்கைக்கூட நுழைத்துக் கோர்க்கலாம், ஊசி வேண்டியதில்லை. ஆனால் வெயில் ஏறுவதற்குள் கோர்த்துவிட வேண்டும், பிறகு இதழ் துவண்டு ஓரம் பழுப்பாகிவிடும்.

என்னைக் கேட்டால் இந்த மரத்தில் உண்மையான விஷயம் அந்தக் குழலில்தான் இருக்கிறது. குங்குமப்பூவுக்கு நிறம் கொடுக்கும் குரோசின் இதிலும் உண்டு. அந்தக் காலத்தில் பட்டுக்குச் சாயம் போட இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நாங்களும் செய்து பார்த்தோம். குழலை மட்டும் கிள்ளி நிழலில் உலர்த்திச் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு கிண்ணம் சேர்வதற்குள் பொறுமை போய்விடும், அது வேறு கதை. தண்ணீரில் போட்டு மெல்லிய தீயில் சுடவைத்தால் பொன் மஞ்சளாக இறங்கும். படிகாரக் கரைசலில் ஊறவைத்த துணியைப் பிழிந்து அதில் முக்கினோம். பட்டுத் துண்டு பளிச்சென்று பிடித்தது, பருத்திக் கைக்குட்டை வெளிறிய மஞ்சளோடு நின்றுவிட்டது. வெயிலில் காயவைத்தால் நிறம் சீக்கிரம் மங்கும். அதனால் தினம் உடுத்தும் துணிக்கு இந்தச் சாயம் சரிவராது.

வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. தட்டையான காய் முற்றிப் பழுப்பானதும் இரண்டாகப் பிளக்கும், பாதிக்கு ஒரு விதை. புது விதையாகப் போடுங்கள், முளைக்கத் தாமதமானால் கிளறிப் பார்க்காதீர்கள். வெயில் வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. பூ புதுத் தளிரின் நுனியில்தான் வரும். எனவே பூத்து ஓய்ந்ததும் கிளைகளைக் கவாத்து செய்துவிட்டால் அடுத்த பருவத்தில் நிறையத் தளிர்க்கும். விட்டுவிட்டால் அடியில் மொட்டையாகி உயரே ஒல்லியாகப் போகும். கோடையில் இலை கொட்டிப் பரிதாபமாக நிற்கும்போது, பட்டுப்போய்விட்டது என்று வெட்டி எறிந்தவர்களும் உண்டு. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

இலை சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருக்கும். மரக் கரண்டியைத் தேய்த்துப் பார்த்தேன், உண்மையாகவே வழவழப்பானது. காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் இலைக் கஷாயம் குடிப்பவர்கள் பலர். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு! வேறு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

வாசனை பற்றி ஒன்று. படுக்கையறை ஜன்னலை ஒட்டி நட ஆசைப்படுவோர் அதிகம். முழுதாகப் பூத்த இரவில் சிலருக்கு அது தலைவலி. நாலைந்து அடி தள்ளியே இருக்கட்டும், வாசனை தானாக வரும்.

அப்புறம், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி ஏறும். இருட்டோடு பூ பொறுக்கப் போகிறவர்கள் டார்ச் அடித்து விரிப்பைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.