பிரக்ஞைதான் மூலமா? மதுரையில் பேச ஆள் தேவை

மதுரை நண்பர்களே, ஒரு உதவி.

பொருளிலிருந்து பிரக்ஞை (நமக்குள் இருக்கும் உணர்வு) பிறக்கவில்லை, பிரக்ஞைதான் மூலம் என்ற கருத்தை இப்போது ஆழமாகப் படிக்கிறேன். குவாண்டம் கொள்கையைத் தொடங்கிவைத்த மாக்ஸ் பிளாங்க் 1931இல் ஒரு பேட்டியில் இதையே சொன்னார். நம்ம மீனாட்சியம்மன் கோயில் பக்கத்து வீட்டில் 1896இல், 16 வயதில், உடல் செத்தாலும் ‘நான்’ சாகவில்லை என்று ரமணர் கண்டதும் இதற்கு வெகு அருகில்தான். மூளையின் மின்துடிப்பு ஏன் மல்லிகை மணமாக உணரப்படுகிறது? இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இன்னும் இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் சிக்கி நிற்கிறேன். மயக்க மருந்து கொடுத்ததும் உணர்வு போய்விடுகிறதே! மூளை ரேடியோ மாதிரி, பிரக்ஞை ஒலிபரப்பு மாதிரி; ரேடியோ கெட்டால் ஒலிபரப்பு நிற்காது என்று பதில் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஒலிபரப்பைத் தனியாகச் சோதிக்கலாம். இதை எப்படிச் சோதிப்பது?

மயக்கவியல் மருத்துவர், இயற்பியல் ஆசிரியர் யாராவது இருந்தால் பேசுங்கள். சைவ சித்தாந்தம் கற்றவர்களும் வேண்டும். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டியிருக்கும் தளை) மூன்றுமே அநாதி, அதாவது தொடக்கமில்லாதவை என்பதால் அவர்கள் இதை மறுப்பார்கள் என்று நினைக்கிறேன், அந்த மறுப்பைக் கட்டாயம் கேட்க வேண்டும். புது நத்தம் ரோடு கலைஞர் நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திக்கலாமா? தமிழில் நல்ல புத்தகம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.