மறைந்த கேரள முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டியை நேரில் பார்த்தவங்க அனுபவத்தை எழுதுங்க

மார்த்தாண்டம் நர்ஸ்

கோட்டயத்துல ஒரு ஆஸ்பத்திரியில வேலை பார்த்த நாள்ல நடந்தது. பக்கத்து வீட்டு அம்மச்சியோட மகனுக்கு டயாலிசிஸ். ஞாயிற்றுக்கிழமைன்னா உம்மன் சாண்டி சொந்த ஊர் புதுப்பள்ளி வீட்டுல மக்களைப் பார்ப்பார். அம்மச்சிக்குத் துணையா நானும் அங்க போனேன். விடியறதுக்குள்ளயே முற்றம் நிறைஞ்சிருந்துச்சு.

அவர் உட்காரவே இல்ல. ஒரு காதுல யாரோ குனிஞ்சு ரகசியமா பேசறாங்க. கை வேற ஒருத்தரோட கடிதத்துல கையெழுத்துப் போடுது. அம்மச்சி அழுதுக்கிட்டே மனுவை நீட்டினாங்க. இந்தக் கூட்டத்துல இவர் எதைப் படிக்கப் போறார்னுதான் நான் நினைச்சேன். காகிதத்தைப் புரட்டினவரோட விரல் மூணாவது பக்கத்துல போய் நின்னுச்சு. செலவு மதிப்பீட்டுல டாக்டரோட சீல் இருக்க வேண்டிய இடம் காலியா கிடந்துச்சு. அதைத் தட்டிக் காட்டினார். பக்கத்துல இருந்த பையனைக் கூப்பிட்டு போன் போடச் சொன்னார். அடுத்த ஆள்கிட்டப் போயிட்டார்.

பணம் வந்துச்சு, கேட்டதுல பாதி. மகன் அப்புறம் ரொம்ப நாள் இருக்கல. ஆனா அந்த விரல் அந்த இடத்துல எப்படி நின்னுச்சுன்னு இன்னைக்கும் யோசிக்கிறேன்.

கம்பம் ஏலக்கா

அக்கா சொல்றது உண்மையா இருக்கும். அவரைத் தெய்வமாக்கும்போதுதான் எனக்குப் பொறுக்கல. 2011 டிசம்பர் நினைவிருக்கா? முல்லைப் பெரியாறு பிரச்சனையில குமுளி ரோடு மூடிக் கிடந்தப்போ எங்க சரக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. தோட்ட வேலைக்குப் போன நம்ம பொம்பளைங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு மலை இறங்கி வந்தாங்க. அந்த மாசம்தான் கேரள சட்டசபையில தனிக் கூட்டம் போட்டு, புது அணை கட்டணும், தண்ணியை 120 அடிக்குக் குறைக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. அப்ப முதலமைச்சர் யாரு?

நேர்ல பார்த்திருக்கேன், கட்டப்பனையில ஒரு கல்யாண வீட்டுல. அவர் நடக்க நடக்க ஒரு சின்னப் பையன் பின்னாலயே ஓடி வந்து சட்டையைப் பிடிச்சு இழுத்தான். தோள் தையல் சர்ருனு விட்டுப் போச்சு. போலீஸ்காரர் பையனைத் தள்ளப் போனார். இவர் போலீஸ்காரர் கையைப் பிடிச்சு நிறுத்திட்டு, பையன் கையில இருந்த காகிதத்தை வாங்கிப் பையில வெச்சுக்கிட்டார். கிழிஞ்ச சட்டையோட மாப்பிள்ளை பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டார். நல்ல மனுஷன்தான், இல்லன்னு சொல்லல. தண்ணி விஷயத்துல எங்க ஆள் கிடையாது.

லயத்துப் பையன், பீர்மேடு

கம்பத்து அண்ணே, நாங்க அந்த மலையிலேயே இருந்தவங்க. 2011ல பயந்து கிடந்தோம், அது நிஜம். ஆனா எங்க எஸ்டேட் பூட்டிக் கிடந்த வருஷங்கள்ல எங்களை ரெண்டு மாநிலமும் எட்டிப் பார்க்கல. தமிழ்நாட்டுக்காரங்க கேரளாக்காரன்னு சொன்னாங்க. கேரளாவுல பாண்டின்னு சொன்னாங்க.

முதல்வரே மக்களை நேர்ல பார்த்து மனு வாங்கற ஜனசம்பர்க்கப் பரிபாடி இடுக்கி மாவட்டத்துல நடந்தப்போ அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துருச்சு, பென்ஷன் வந்து சேரல. டோக்கன் வாங்கிக்கிட்டு உட்கார்ந்தோம். நடக்க முடியாதவங்களை ஒரு ஓரமா வரிசையா படுக்க வெச்சிருந்தாங்க, ஆம்புலன்ஸ்லயே வந்தவங்களும் உண்டு. மேடைக்குக் கூப்பிடுவாங்கன்னு பார்த்தா அவரே இறங்கி வந்தார். அப்பாவுக்கு மலையாளம் பேச வரும், அன்னைக்கு வாய் குழறித் தமிழ்தான் வந்துச்சு. அவர் அப்பாவோட வாய் பக்கத்துல காதை வெச்சார். அப்பா பேசி முடிக்கிற வரைக்கும் எடுக்கல. எங்க லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்ல, பொறந்த யாரையும் ஒரு கங்காணிகூட அப்படிக் கேட்டதில்ல.

ராத்திரி நாங்க பஸ் ஏறும்போதும் அவர் அங்கதான் நின்னுட்டிருந்தார்.

ஓய்வு பெற்ற வருவாய்த் துறை

தம்பி எழுதியதைப் படித்து மனம் கனத்தது. ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு பென்ஷன் மனு முதலமைச்சர் வரை போகிறது என்றால் வில்லேஜ் ஆபீஸும் தாலுகாவும் எதற்கு? அப்போதே இந்தக் கேள்வி கேரளத்தில் பலமாக எழுந்தது. 2013ல் அதே பரிபாடிக்கு ஐ.நா. பொதுச் சேவை விருது கிடைத்தது. விருதால் கேள்வி தீர்ந்துவிடாது.

என் அனுபவம் சிறியது. ஒருமுறை திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு வேலையாகப் போனேன். முதல்வர் அறைக் கதவு திறந்தே கிடந்தது, உள்ளே சந்தைக் கூட்டம். அந்த அறையில் கேமரா வைத்து நாள் முழுக்க இணையத்தில் காட்டிய காலம் அது. கோப்பு ஒன்றைப் படித்துக்கொண்டே யாருக்கோ தலையசைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் பார்த்தேன்.

மனு கொடுக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள், எந்த மாநிலமானாலும் பொருந்தும். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை மட்டும் எழுதுங்கள். வீடு, பட்டா, மகளுக்கு வேலை என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது மூன்று துறைகளுக்கிடையே அலைந்து தொலையும். முதல் பத்தியிலேயே என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள், குடும்பக் கதை பிறகு வரட்டும். மருத்துவ உதவி என்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு நகல், ஆஸ்பத்திரி மதிப்பீடு மூன்றும் சேர்த்தே இருக்கட்டும். நர்ஸ் அம்மா சொன்ன சீல் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. அசல் ஆவணத்தை எவரிடமும் கொடுக்காதீர்கள். கொடுத்ததற்கு ரசீது எண் கேட்டு வாங்குங்கள், தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை. பதில் வராவிட்டால் அந்த எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதம் கோப்பை மேலே எடுத்து வைக்கும், ஆனால் தகுதி இல்லாத மனுவைத் தகுதி உள்ளதாக்காது. இதைச் சொன்னால் கோபப்படுகிறார்கள்.

லயத்துப் பையன், பீர்மேடு

சார், வில்லேஜ் ஆபீஸுக்குத்தான் முதல்ல போனோம். பல தடவை போனோம். அதனாலதான் பரிபாடிக்குப் போனோம்.

விழிஞ்ஞம் பக்கம்

மனு வாங்கினதை மட்டுமே பேசறீங்க. விழிஞ்ஞம் துறைமுக ஒப்பந்தம் 2015ல அவர் ஆட்சியில போட்டது. கொச்சி மெட்ரோவுக்கு 2012ல அடிக்கல் நாட்டினப்போ முதல்வர் அவர்தான். காது கேளாத குழந்தைங்களுக்கு அரசு செலவுல காக்ளியர் கருவி வைக்கிற திட்டமும் அப்ப வந்ததுதான். ஒருத்தர் ஒருத்தரா கேட்டதாலதான் இப்படித் திட்டம் போடத் தோணுச்சுன்னு நான் நம்பறேன். ரெவின்யூ சார் இதையும் கணக்குல எடுக்கணும்.

சங்கனாச்சேரி பாத்திரக்கடை

ஊர் தென்காசிப் பக்கம், கடை சங்கனாச்சேரியில. 2023 ஜூலை 18 பெங்களூருல அவர் தவறின செய்தி வந்துச்சு. மறுநாள் காலை திருவனந்தபுரத்துல இருந்து கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸுல உடலை எடுத்து எம்.சி. ரோடு வழியா கோட்டயம் கொண்டு வர்றாங்க. சாதாரணமா நாலஞ்சு மணி நேரப் பாதை. சாயங்காலம் வந்துரும்னு சொன்னாங்க. கடையை அடைச்சுட்டு ரோட்டுல நின்னேன். ராத்திரி ஆச்சு, வரல. மழை. ஒருத்தரும் வீட்டுக்குப் போகல. பக்கத்துல நின்ன ஒரு பாட்டி கையில மடிச்ச தாள் இருந்துச்சு. அஞ்சலி எழுதியிருக்காங்கன்னு நினைச்சேன். பஸ் வந்ததும் அந்தத் தாளை கண்ணாடிச் சன்னல் பக்கமா நீட்டினாங்க. மனு.

இறந்தவர்கிட்ட எதுக்கும்மான்னு கேக்க எனக்கு வாய் வரல. கோட்டயம் போய்ச் சேரவே மறுநாள் காலை ஆயிருச்சு.

1970ல இருந்து தொடர்ச்சியா 12 தேர்தல்ல அவர் ஜெயிச்சது ஒரே தொகுதி, புதுப்பள்ளி. 53 வருஷம் ஒரே ஊர்க்காரங்க ஓட்டுப் போட்டிருக்காங்கன்னா அந்தப் பாட்டி மாதிரி எத்தனை பேரு! கம்பத்து அண்ணாச்சி, அணை விஷயத்தையும் இதையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

கம்பம் ஏலக்கா

வைப்பேன் அண்ணாச்சி. 2014 மே 7ல உச்ச நீதிமன்றம் அணையில 142 அடி வரைக்கும் தண்ணி தேக்கலாம்னு சொன்ன அன்னைக்குத்தான் எங்க ஊர் நிம்மதியா தூங்குச்சு. அந்தப் பாட்டி மனு கொடுத்தது தப்பில்ல. எங்க பக்கத்து விவசாயியும் மனுவோட நின்னவன்தான், நின்ன இடம் வேற. பீர்மேட்டுத் தம்பி, அப்பா பென்ஷன் கடைசியில வந்துச்சா? அதை எழுதலையே.

லயத்துப் பையன், பீர்மேடு

வந்துச்சுண்ணே. ரெண்டு மாசத்துல. அப்பா இருந்த வரைக்கும் நிக்காம வந்துச்சு.