கிழக்குக் காற்றுக்கு முன்னால் ஒரு உணவுப் பட்டியல்: விவரம் தேவை

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து அக்காமார், அண்ணன்மாருக்கு வணக்கம். தோல் வறட்சிக் காலத்துக்கு ஒரு புரத உணவுப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் கணுக்கால் செதில் செதிலாய் வறண்டுவிடும். நகம் பட்டால் வெள்ளைக் கோடு. தேங்காயெண்ணெய் வெளியே காக்கும். உள்ளே வேலை செய்வது வேறு: ஃபிலாக்ரின் என்ற புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்கள்தான் மேல்தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. செல்களுக்கு நடுவே சாந்துபோல் இருக்கும் செராமைடும் செரின் என்ற அமினோ அமிலத்திலிருந்தே தொடங்குகிறது.

60 கிலோ எடைக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும். அதற்கு மேல் திணித்தால் தோல் மினுங்கும் என்று நம்பி டப்பா பவுடர் வாங்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கூட்டவே கூடாது.

கணக்குத் தவறுவது அளவில்தான். 30 கிராம் காய்ந்த பயறில் 7 கிராம் புரதம்; வெந்த பயறு 100 கிராமிலும் ஏறக்குறைய அவ்வளவே. முட்டை ஒன்றுக்கு 6. கொள்ளு வேகவைத்த தண்ணீரை ரசமாக்கிவிட்டு கொள்ளை மாட்டுக்குப் போட்டால் புரதம் மாட்டுக்குத்தான்!

முட்டை, மத்தி மீன் சேர்க்காத வீடுகளுக்கான பட்டியல்தான் முடியாமல் இழுக்கிறது. உங்கள் வீட்டில் கஞ்சிக்கு ஆளுக்கு எத்தனை கரண்டி பயறு? வெந்த கொள்ளை எப்படிச் சமைக்கிறீர்கள்? ஒரு கரண்டியை எடைபோட்டுச் சொன்னால் பெரிய உதவி.