படகு விசிறி வாங்கிய கதை: 12, 14, 11

திருநகர்வாசி:

வணக்கம். நான் கடலோரத்தில் பிறந்தவன் இல்லை. வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கும் மதுரைக்காரன். அதனால் கீழே சிரிக்க நிறைய இருக்கும், தாராளமாகச் சிரியுங்கள்.

என் மச்சினன் உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் நாலு அறை கட்டி விருந்தினர்களைத் தங்கவைக்கிறான். அவர்களைக் கடலில் ஒரு சுற்று கூட்டிப்போகப் பழைய 16 அடி ஃபைபர் படகு ஒன்றை வாங்கினோம். பணத்தில் பாதி என்னுடையது என்பதால் மாதம் இரண்டு சனிக்கிழமை நானும் போய்விடுவேன். எஞ்சின் 40 குதிரைசக்தி, டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டுகிற ரகம். கூடவே வந்த அலுமினிய விசிறியின் (தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் ப்ரொப்பெல்லர்) கழுத்தில் தேய்ந்துபோன எழுத்தில் 12 என்று இருந்தது. அது பிட்ச் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும். ஒரு முழுச் சுற்றில், வழுக்கல் எதுவும் இல்லாவிட்டால், படகை எத்தனை இஞ்ச் முன்னே தள்ளும் என்பதுதான் அந்த எண். மரத்தில் திருகாணி இறங்குகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

படகு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் வேகம் போதவில்லை. பக்கத்துத் தோப்புக்காரரின் படகு எங்களைத் தாண்டிப் போன ஒரு மாலையில் மூளை கெட்டுவிட்டது. 'பிட்ச் கூடினால் வேகம் கூடும்' என்று எங்கேயோ படித்ததை வைத்து, வெளியூர்க் கடை ஒன்றில் போனிலேயே பேசி, 14 பிட்ச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விசிறியைப் பழையதாக வாங்கினேன். எத்தனை பேரை ஏற்றுவீர்கள், இப்போது எத்தனை ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வருகிறது என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கே தெரியாதே. பார்சல் வந்ததும் வெயிலில் பளபளவென்று மின்னியது. வெண்கலக்கடை அண்டா மாதிரி என்றாள் மனைவி.

முதல் நாள் நானும் மச்சினனும் மட்டும் போனோம். வேகம் பிடித்துத் தண்ணீர்மேல் எழப் படகு கொஞ்சம் சோம்பியது, ஆனால் எழுந்த பிறகு போனது. 'பார்த்தியா மாப்ள' என்றேன். மறுநாள் சேலத்திலிருந்து ஒரு குடும்பம். ஓட்டுகிறவனோடு ஆறு பேர், எல்லோருக்கும் மிதவைச் சட்டை, ஒரு ஐஸ் பெட்டி. முழு த்ரோட்டில் கொடுத்தும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கத்தைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு, 14 கிலோமீட்டர் வேகத்தில் மூச்சு வாங்கியது. நாலாவது கியரில் மேட்டில் ஏறும் டவுன் பஸ்ஸின் சத்தம் தெரியும் அல்லவா, அதே சத்தம், கூடவே கருத்த புகை. மூன்று வாரத்தில் பிளக் இரண்டும் கரி. 'மச்சான், பழசையே மாட்டிரலாம்' என்று மச்சினன் சொன்னபோது நான் கேட்டிருக்க வேண்டும். எஞ்சின்தான் கோளாறு என்று கார்புரேட்டரைக் கழற்றவைத்தேன்.

பிறகு ஒரு சின்ன டேக்கோமீட்டர் வாங்கினோம். பிளக் ஒயரில் கம்பியைச் சுற்றிவிட்டால் போதும், சுற்று தெரியும். முதல் தடவை 9,200 காட்டியது! வெடித்துவிடும் என்று பயந்து அணைத்தே விட்டோம். ஒரு சுற்றுக்கு எத்தனை தடவை பிளக் பொறி விடுகிறது என்ற செட்டிங்கைத் தப்பாக வைத்திருந்தோம், இரண்டு மடங்கு காட்டியிருக்கிறது. சரி செய்தபின் பழைய 12, புதிய 14 இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி ஒரு நாள் முழுக்க எழுதினோம். நோட்டில் இருப்பது இதுதான். 12 பிட்ச், இரண்டு பேர், 5,300. ஆறு பேர், 4,600. அடுத்து 14 பிட்ச், இரண்டு பேர், 4,900. ஆறு பேர், 4,000, அதுவும் படகு எழவே இல்லை.

எஞ்சினோடு வந்த புத்தகத்தில், முழு த்ரோட்டிலில் 4,500 முதல் 5,500 வரை இருக்க வேண்டும் என்று முதல் பக்கங்களிலேயே போட்டிருக்கிறது. பழைய விசிறி அதற்குள் சரியாக உட்கார்ந்திருந்தது. நான்தான் காசு கொடுத்து அதைக் கெடுத்திருக்கிறேன்.

கணக்குப் போட்டும் பார்த்தேன். எங்கள் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு விசிறி ஒரு சுற்று. 5,300 என்றால் விசிறி நிமிடத்துக்கு 2,650 சுற்று, ஒவ்வொன்றும் 12 இஞ்ச். மணிக்கு 48 கிலோமீட்டர் சொச்சம் வர வேண்டும். போனில் ஜிபிஎஸ் காட்டியது 41. மிச்சம் வழுக்கல், ஸ்லிப் என்கிறார்கள், ஏறத்தாழ 15 சதவீதம், இந்த மாதிரிப் படகுக்கு அது சாதாரணம். 14 பிட்ச்சில் ஆறு பேரோடு அதே கணக்கைப் போட்டால் 42 வர வேண்டிய இடத்தில் 14. மூன்றில் இரண்டு பங்கு சுற்று தண்ணீரைக் கலக்கத்தான் போயிருக்கிறது.

பிட்ச்சை ஒரு இஞ்ச் குறைத்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும் என்பார்கள், இரண்டு பேரோடு போனபோது எங்களுக்கும் அப்படியே வந்தது. எங்கள் படகில் எப்போதும் ஆறு பேர்தான், அதனால் ஒரு இஞ்ச் குறைத்து 11 அலுமினியம் வாங்கினோம். ஆறு பேரோடு 4,800க்கு மேல் வருகிறது, படகு சட்டென்று எழுகிறது. இரண்டு பேர் போனால் 5,450, வரம்பை உரசுகிறது. அப்போது த்ரோட்டிலைக் கொஞ்சம் விட்டுவிடுகிறோம். பக்கத்துத் தோப்புக்காரர் இன்னமும் எங்களைத் தாண்டித்தான் போகிறார்.

இந்த மாதிரி அடிபட்டவர்கள் உங்கள் கதையையும் எழுதுங்களேன்.

புதூர் பட்டறை:

படித்துச் சிரித்தேன் அண்ணே. தொழிற்பேட்டையில் எங்களுக்கு லேத்தும் ஆர்கான் வெல்டிங்கும். பெரும்பாலும் பம்பு வேலைதான், படகு விசிறி வருஷத்துக்கு நாலைந்து வரும், எல்லாம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து.

முதலில் வந்ததை நான் கெடுத்தேன். ஒரு இறக்கை மடங்கியிருந்தது, கண் மதிப்பில் தட்டி நிமிர்த்தி பாலிஷ் போட்டுக் கொடுத்தேன், பார்க்க லட்சணமாக இருந்தது. மறுநாளே போன். 'படகு குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்குதுண்ணே, ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியல.' திரும்ப வாங்கி சர்ஃபேஸ் பிளேட் என்கிற துல்லியமான சமதளப் பலகையில் நிமிர்த்தி வைத்து, நடுத்துளைக்கு ஒரு தண்டு கடைந்து போட்டு, மூன்று இறக்கையிலும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் கோடு கிழித்தேன். அந்தக் கோட்டில் 30 டிகிரி திருப்பினால் எவ்வளவு உயரம் மாறுகிறது என்று ஹைட் கேஜில் பார்க்க வேண்டும். 1 இஞ்ச் மாறினால் முழுச் சுற்றுக்கு 12 இஞ்ச், அதாவது 12 பிட்ச். நான் நிமிர்த்தியது 13 அரை, ஒன்று 12, இன்னொன்று 11க்குப் பக்கம். ஒரே விசிறியில் மூன்று விசிறி! எண் அழிந்துபோன பழைய விசிறி வாங்குகிறவர்கள் இப்படி அளந்து பார்க்கச் சொல்லுங்கள், கழுத்தில் இருக்கிற எண்ணை அப்படியே நம்பாதீர்கள், யார் எங்கே தட்டி நிமிர்த்தினார்களோ.

இன்னொன்று. வெல்டிங் வைத்த அலுமினியத்தில் சூடு பட்ட இடம் பழைய பலத்துக்கு வராது. நான் ஒட்டிக்கொடுப்பதை ஸ்பேர் என்று படகில் போட்டு வையுங்கள், தினமும் ஓட்டாதீர்கள். இதைச் சொன்னால் எனக்கு வேலை குறையும், பரவாயில்லை.

கண்மாய்க்காரன்:

எங்களுடையது கடல் இல்லை, ஏரி. தட்டையான படகு, 15 குதிரைசக்தி எஞ்சின், ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேர். வேகம் யாருக்கும் வேண்டாம், குழந்தைகள் கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டால் போதும். எஞ்சின் வாங்கும்போது அதோடு வந்தது வேகப்படகுக்கான விசிறி. கிளம்பும்போது பின்னால் வெள்ளையாக நுரை தள்ளும், படகு அசையாது. அது கூடப் பரவாயில்லை, நிறுத்துவதுதான் பாடு. ரிவர்ஸ் போட்டால் பிடிக்கவே பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் துறையில் கட்டியிருந்த லாரி டயரில் போய் முட்டினேன், ஒரு பெரியம்மாவின் முறுக்குப் பொட்டலம் முழுவதும் ஏரிக்குள். இரண்டு பாக்கெட் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

பிறகு வட்டம் பெரிதாக, பிட்ச் குறைவாக, நாலு இறக்கை உள்ளதை மாட்டினோம். விசிறிக்கு மேலே எஞ்சினில் இருக்கிற பிளேட்டுக்கும் இறக்கை நுனிக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வட்டத்தைக் கூட்ட முடியும். இப்போது நினைத்த இடத்தில் நிற்கிறது. பாரம் தள்ளுகிறவனுக்கு அகன்ற விசிறி, அவ்வளவுதான் என் படிப்பு.

ஆனால் எந்த விசிறி மாட்டினாலும் ஆகாயத்தாமரையிடம் தோற்றுத்தான் ஆக வேண்டும். வேர் சுற்றினால் ரிவர்ஸ் கொடுத்து உதறலாம். தூண்டில் நரம்பு சுற்றினால் வெளியே தெரியாது, விசிறிக்குப் பின்னால் தண்டில் இறுகி ஆயில் சீலை அறுத்துவிடும். தண்ணீர் உள்ளே போய், கியர் ஆயிலைத் திறந்தால் பால் கூடிப்போன டீ நிறத்தில் வரும். வாரம் ஒருமுறை விசிறியைக் கழற்றிப் பார்த்துவிடுகிறேன்.

மண்டபத்து மாப்பிள்ளை:

மதுரையில் பிறந்து மண்டபத்தில் பெண் எடுத்தவன், அதனால் இரண்டு பக்கமும் பேசலாம். திருநகர் அண்ணன் அந்த ஸ்டெயின்லெஸை மாற்றியது வேகத்துக்காக மட்டும் இல்லை, எஞ்சினுக்கும் நல்லது. வடகடலில் மணல்மேடு, தென்கடலில் பார், அதாவது கடலடிப் பவளப்பாறை. என் சகலை ஸ்டெயின்லெஸ் போட்டு ஓட்டினார், மெல்லிய இறக்கை, வளையாது, வேகமும் நிஜமாகவே கொஞ்சம் கூடுதல். ஒரு நாள் பாரில் அடித்தது. விசிறியில் ஒரு கீறல்தான், ஆனால் உள்ளே தண்டு வளைந்து கியர் பல் போனது. அலுமினியமாக இருந்தால் இறக்கை உடைந்திருக்கும், ஸ்பேரை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார். ஆழம் தெரிந்த இடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் நல்லது, இங்கே நான் போடமாட்டேன்.

விசிறியின் நடுவில் இருக்கிற ரப்பர் புஷ்ஷையும் கவனியுங்கள். எங்காவது அடித்தால் அது வழுக்கிக் கொடுத்து கியரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. ஒருமுறை வழுக்கியபின் எஞ்சின் கத்தும், ஆர்பிஎம் எகிறும், படகு போகாது. விசிறியே தப்பு என்று மாற்ற ஓடுவார்கள். உள் குழாயிலும் வெளி உடம்பிலும் நேராக ஒரு உளிக்கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் வழுக்கியிருக்கிறது. எனக்கு வழுக்கிய அன்று ஐடிலிலேயே ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து வந்தேன், மாமனார் கரையில் நின்றுகொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

போடிக்காரன்:

சின்னதாக ஒன்று. கீழே சரியாக ஓடிய எஞ்சினை மலையில் எஸ்டேட் குளத்துக்குக் கொண்டுபோனோம், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அதே படகு, அதே ஆள், ஆர்பிஎம் ஏறவில்லை. 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையுமாம், காற்று அடர்த்தி இல்லை. மேலே ஓட்டுவதற்கு என்று பிட்ச் குறைந்த விசிறி ஒன்று தனியாக வைத்திருக்கிறோம். கீழே இறக்கும்போது மாற்ற மறந்தால் எஞ்சின் வரம்பைத் தாண்டிச் சுற்றும், ஒரு தடவை மறந்தேன்.

திருநகர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. புதூர் அண்ணே, அந்த 12ஐ அடுத்த வாரம் அளக்கக் கொண்டுவருகிறேன்.

ஒன்றை எழுத வெட்கமாக இருந்தது, மண்டபத்துக்காரர் மாமனார் கதை சொன்னபிறகு எனக்கும் தைரியம். 11ஐ முதலில் மாட்டியபோது விசிறி நட்டு கழலாமல் இருக்கப் போடுகிற ஸ்பிளிட் பின் கையில் இல்லை. சைக்கிள் கடைப் பின் ஒன்றைக் குத்தி மடித்துவிட்டேன். உப்புத் தண்ணீர் அதைப் பத்து நாளில் தின்றுவிட்டது. கரைக்குப் பக்கத்தில் ரிவர்ஸ் போட்டதும் எஞ்சின் ஊ என்று கத்தியது, விசிறி கடலுக்குள். நல்லவேளை எட்டடி ஆழம்தான். பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாவது முக்கில் எடுத்துக்கொண்டு வந்தார். 'தம்பி, இதுக்கு ஒரு கயிறு கட்டி வையுங்க' என்றார். மச்சினன் அன்று முழுக்கச் சிரித்தான். இப்போது ஸ்டெயின்லெஸ் பின் ஒரு டஜன், தண்டுப் பல்லில் கிரீஸ், முன்னால் போடுகிற வாஷரை மறந்தோமா என்று இரண்டு பேரும் தொட்டுப் பார்த்தபிறகுதான் நட்டு.

அந்த 14 இன்னும் தோப்பில் சும்மாதான் கிடக்கிறது. நேற்று ஒருவர் விலைக்குக் கேட்டார். உங்கள் படகில் முழு ஆள் ஏற்றினால் எத்தனை ஆர்பிஎம் வருகிறது என்றேன். மீட்டரெல்லாம் இல்லை, வேகம் போதவில்லை, அதனால்தான் கேட்கிறேன் என்றார். எங்கள் டேக்கோமீட்டரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.